உதாரணக்கா

புருஷனைத் திட்டுவதற்கென்றே உண்டானது ஜப்பானிய இலக்கணம் என்று நிரூபித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் உதாரணக்கா.

கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் ஜப்பானிய மொழி வகுப்பு. நான் ஆபீசில் பதவி உயர்வுக்காகச் சேர்ந்தவன். அக்கா பகலில் பனியன் கம்பெனியில் தைப்பவர். இடைநிலைத் தேர்வில் தேறினால் ஜப்பானில் முதியோர் இல்லத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புருஷன் வீட்டை விட்டுக் கிளம்ப அவருக்கு இருந்த ஒரே வழி அது.

இடைநிலை என்றால் வாக்கிய வடிவங்கள். சார் வடிவத்தைச் சொல்வார், ஒருவர் உதாரணம் சொல்வார், மொத்த வகுப்பும் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். புத்தகத்து உதாரணங்களில் தனகா என்ற ஆசாமி ஓயாமல் ரயிலைத் தவறவிடுவார்.

“அந்தாளு ரயிலு போனா நமக்கென்னங்க?” என்பார் அக்கா.

‘இவ்வளவு செய்தும்’ என்ற வடிவம் வந்தது. அக்கா ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: “விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஆக்கி வெச்சும், எங்கூட்டுக்காரரு உப்பு பத்தலைன்னு தட்டத்த வீசிப்போட்டாருங்க.”

அனைவரும் கோரஸாகத் தட்டை வீசினோம். அடுத்த வடிவத்துக்கு, “குடிக்கக் குடிக்க அவருக்கு மருவாதி வேணுமுங்க.” வசவிலும் ஒரு ‘ங்க’ குறையாது.

“அம்மணி, பரீட்சைல இதையெல்லாம் எழுதிப்போடாதீங்க,” என்று சார் கெஞ்சினார்.

“தப்பா இருக்குதுங்களா சார்?”

“தப்பே இல்லீங்க. அதான் பயமா இருக்குது.”

பரீட்சைக்கு முந்தைய வாரம் அந்த வீட்டுக்காரரே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வாயெல்லாம் சிரிப்பு. அவர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம்.

“பாத்துக்க ஆளு வேணுமுங்க. படிச்சது போதும், கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஜப்பானில் சம்பளத்துக்குச் செய்யவிருந்த அதே வேலை, இங்கே இனாமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாடத்த முடிச்சுட்டு வாரனுங்க,” என்று அக்கா அவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். பிறகு எழுந்து நின்று, இந்த முறை ஜப்பானிய மொழியில் மட்டும், ஒரு உதாரணம் சொன்னார். வீட்டுக்காரர் இடம்பெறாத முதல் உதாரணம். பழக்கதோஷத்தில் நாங்களும் உரக்கச் சொல்லி முடித்தோம். அப்புறம்தான் பொருள் உறைத்தது: ‘நாளையிலிருந்து நான் வருவதில்லை என்று முடிவாகிவிட்டது.’

“அட, எல்லாரும் ஒரே மாதிரி எத்தன அழகா சொல்றீங்க!” என்று கைதட்டினார் வீட்டுக்காரர்.

நான் தேறினேன், பதவி உயர்வும் வந்தது. போன வாரம் ஜப்பானிலிருந்து வந்த மேலாளர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, யாரிடம் கற்றீர்கள் என்றார். சார் பெயர் வாய்வரை வந்தது.

“எங்கள் அக்காவிடம்,” என்றேன்.