என் ஆபீசில் நானே கள்ளனான ஞாயிற்றுக்கிழமை

ஆரல்வாய்மொழியில் காற்றாலை இறக்கை ஏற்றிவந்த நீள லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதே, நினைவிருக்கிறதா? அதற்குப் பின்னால் என் மீன் வண்டியும் நின்றது. ஐஸ் உருகி, சூரை மீனெல்லாம் என்னைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தது. (மீன் எப்போதும் வாயைத் திறந்துதான் கிடக்கும். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றியது.) அதற்கு அடுத்த வாரம் நடந்த கதை இது.

குமரிக் கடற்கரையில் இனயம் என்ற ஊரில் மீன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது என் தொழில். பள்ளிக்கூடம் பார்க்காதவன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டருக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியாது. அதெல்லாம் என் மகள் ஷீபாவின் பாடு.

பக்கத்து ஊர் வியாபாரி ஒருவரின் ஈமெயிலுக்குள் எவனோ நுழைந்து, அவர் எழுதுவது போலவே அவரிடம் மீன் வாங்கும் துபாய்க்காரருக்கு எழுதி, பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பிவிட்டான். அந்த வியாபாரி கடையைப் பூட்டிவிட்டார். நமக்கும் அப்படி ஒன்று வந்தால் நாமும் பூட்ட வேண்டியதுதான் என்று ஷீபாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கே உட்கார்ந்தபடியே இரவும் பகலும் நம் கம்ப்யூட்டரைக் காவல் காப்பார்களாம். எவனாவது நுழையப் பார்த்தால் பூட்டிவிட்டுப் போன் செய்வார்களாம்.

"ஒரு மாசம் சும்மா பாத்துத் தருவாவ. பிறகு வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்கப்பா."

"நம்ம ஷெட்டுக்குக் காவலுக்கு ஆள் இருக்கே மக்கா. அவன்கிட்ட இதையும் பாக்கச் சொன்னா என்ன?"

"அவரு மீனு திங்க வாற பூனையையே பாக்க மாட்டாரு."

சரி என்றேன். முதல் போன் நம்பர் என்னுடையது, இரண்டாவது ஷீபாவுடையது. அவர்கள் கூப்பிட்டால் சொல்வதற்கு ஒரு ரகசிய வார்த்தையும் உண்டு. ஷீபா அதைச் சொன்ன நேரத்தில் கடற்கரையில் ஏலச் சத்தம் கேட்டது. என் காது அங்கே போய்விட்டது.

ஆனால் ஒரு கேள்வி மனதைக் குடைந்தது. அங்கே இருக்கிறவர்கள் உறங்கினால் இங்கே நமக்கு எப்படித் தெரியும்?

இரணியல் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் எனக்குச் சிநேகிதம். காவல்காரன் விழித்திருக்கிறானா என்று பார்க்க, தன் தோப்பில் தானே தேங்காய் திருடுவார். காவல்காரன் கத்தினால் சம்பளம் உயரும். (ஒருதடவை அவன் கத்தவில்லை, கல்லை விட்டெறிந்தான். சம்பளமும் உயர்ந்தது, இவர் நெற்றியும் உயர்ந்தது.) அந்த வழிதான் சரி என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் கடலுக்குப் போகமாட்டோம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஷீபாவோடு மாதா கோயிலுக்குப் பூசைக்கு நடந்தேன். உள்ளே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அவள் தன் பக்கம் போனதும் நான் சந்து வழியாக ஆபீசுக்கு நழுவினேன். உள்ளே தாழ்ப்பாளும் போட்டேன். கள்ளன் அப்படித்தானே செய்வான்?

ஒற்றை விரலால் கண்டதையும் தட்டினேன். தப்பு என்றது. மறுபடி தட்டினேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடனே என் போன் அடித்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை.

"சார், உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல யாரோ நுழையப் பாக்கிறாங்க. பூட்டிட்டோம்."

எனக்கு ஒரே சந்தோஷம். "நாந்தாம் மக்கா அது. உறங்குதீங்களான்னு பாத்தேன்."

"அப்போ ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க சார்."

நெய்மீன் என்றேன். இல்லை என்றாள். வாளை, சாளை, சூரை என்று கடலில் உள்ளதையெல்லாம் சொன்னேன்.

"திருடனும் இப்படித்தான் சார் ஒவ்வொண்ணா சொல்லிப் பாப்பான்" என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்து ஷீபாவின் போன் அடித்திருக்கிறது. அவள் வெளியே வந்து, "அப்பா கோயிலுக்குள்ள இருக்காவ. அப்ப அவிய போனையும் களவாண்டுட்டான்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். ஊர் ஆம்பிளைகள் மொத்தமும் கரையில் இருக்கிற நாள். இது காதில் விழுந்த பின்வரிசைக்காரர்கள், கரையில் கிடந்த துடுப்போடு கிளம்பிவிட்டார்கள். (பூசையிலிருந்து வெளியே வர அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.)

தடதடவென்று காலடிச் சத்தம். நிஜக் கள்ளன்தான் வந்துவிட்டான் என்று நினைத்து, மேஜைக்கு அடியில் புகுந்து "கள்ளன், கள்ளன்" என்று கத்தினேன்.

வெளியே மீன்பிடி வள்ளக்காரன் அந்தோணியின் குரல். "ஏலே, கள்ளனே கள்ளன்னு கூவுதாம்டே."

"அந்தோணி, நாந்தாம்லே." பயத்தில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அவரு கோயில்ல இருக்காருன்னு மகளே சொல்லியாச்சு. நீ ஆருலே?"

கதவைத் திறந்தேன். வேட்டி முழுக்க ஒட்டடை. ஓங்கிய துடுப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஷீபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் போனில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறக்கவைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?"

"வேணும் மக்கா" என்றேன். ஊரே பூசையில் இருந்தபோது, எங்கேயோ இருந்த ஒரு பிள்ளை எங்கள் பிழைப்புக்காக விழித்திருந்தாள். முதலாளி கெஞ்சியும் அவள் நம்பவில்லை. இதைவிட என்ன காவல் வேண்டும்?

இன்றைக்கும் என்னைத் தேடி யாராவது வந்தால், நான் முன்னாலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாலும், "அப்பா கோயிலுக்குள்ள இருக்காவ" என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த வியாபாரி யாராவது இப்படிக் காவலுக்கு ஆள் வைக்கலாமா என்று யோசித்தால், நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். தாராளமாக வைக்கட்டும். இரண்டாவது நம்பருக்கு மட்டும், கோயிலில் தன் பக்கத்தில் உட்கார்ந்து, தான் நழுவுவதைப் பார்க்கிறவன் நம்பரைக் கொடுக்கட்டும்.