எண்பதில் சரிபாதி

எண்பது மில்லிகிராம் மாத்திரையை ஒருக்காலும் முழுசாக விழுங்குவதில்லை என்று தச்சர் சபதம் எடுத்துக்கொண்டார். மனசுக்குள்தான். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் ஏணியில் ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள்.

“ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்பு படிஞ்சு கொழகொழன்னு இருக்கு. வெடிச்சா ரத்தம் உறைஞ்சு அடைச்சிரும். கொலஸ்ட்ராலை நல்லா இறக்கினா கெட்டிப்பட்டு அடங்கும். இப்ப போடுற மாத்திரை டோஸ் பத்தலை,” என்றார் டாக்டர். தச்சரை இ.சி.ஜி. அறைக்கு அனுப்பிவிட்டு மனைவியிடம் சீட்டைக் கொடுத்தார்.

“எண்பதாம். சாப்பிட்டதும் ஒண்ணு,” என்றாள் வீட்டுக்கு வந்து.

“எண்பதா! எனக்கு வயசே அம்பத்தெட்டுதான்டி!”

“வயசுக்குத் தக்கபடி வாங்க அது என்ன, கேக்குல வைக்கிற மெழுகுவத்தியா?”

எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் வேறு, டோஸ் ஏறினால் தசை வலிக்கும், கை தூக்க வராது என்று கிளப்பிவிட்டார். கை போனால் தச்சரிடம் மிச்சமிருப்பது மீசை மட்டும்தான்.

வீட்டுப் பின்பக்கப் பட்டறையில் மெல்லிய உளியை வைத்து ஒரே தட்டு. சரிபாதியிடம் சொல்லாமல் மாத்திரையைச் சரிபாதியாக்கினார். ஒரு துண்டு வாய்க்குள், மறு துண்டு ஆணி டப்பாவுக்குள். தினமும் இதே தச்சுவேலை.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்குள் தச்சருக்குச் சட்டை நனைந்துவிட்டது. பாதியை முழுங்கிப் பாதியை ஒளித்த பாவி, உள்ளே எது வெடிக்கப் போகிறதோ!

“பிரமாதம்! கெட்ட கொழுப்பு நான் நினைச்ச அளவுக்கு இறங்கிருச்சு. இப்படியே தொடருங்க. ஏணி ஏறலாம்.”

தச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக அடைத்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. மனைவியோடு தெருவுக்கு வந்ததும் மீசை தானாக நிமிர்ந்தது.

“உண்மையைச் சொல்லட்டுமா? நான் தினமும் பாதிதான் போட்டேன். டாக்டரைவிட எனக்கு என் உடம்பு தெரியும்!”

மனைவி கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். ‘எண்பது மி.கி. தினம் அரை மாத்திரை.’

“டாக்டர் சொன்ன டோஸே நாப்பதுதான். போன தடவை குடுத்த இருபதையும் நீங்க பிளந்து பாதியைப் போட்டுவச்சதை ஆணி டப்பாவுல பார்த்தேன். நீங்க இ.சி.ஜி.க்குப் போனப்ப டாக்டர்கிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு இப்படி எழுதிக் குடுத்தார். நீங்க வேலைக்குக் கிளம்பினதும் மிச்சத் துண்டு டப்பாவுல விழுந்திருக்கான்னு தினம் பார்த்துக்கிட்டேன்.”

“அடிப்பாவி! ஒருநாள் நீ சொன்னபடி முழுசா முழுங்கியிருந்தா?”

“கல்யாணமாகி முப்பது வருஷத்துல, நான் சொன்னதை நீங்க முழுசாக் கேட்ட நாள் ஒண்ணு சொல்லுங்க.”