பொருள்: உலகம்மாள் குரல் இருக்கும் கம்ப்யூட்டர் திறக்காதது

மஸ்கட்டில் இருக்கும் மருமகன் சிரஞ்சீவி ஹரிகுமாருக்கு, தேரூரிலிருந்து மாமன் சிவதாணு ஆசீர்வதித்து எழுதுவது. உன் நலமறிய ஆவல். என் நலம் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனில் சொன்னால் ‘சரி மாமா, சரி மாமா’ என்று வைத்துவிடுகிறாய். ஆகவே தாளில் எழுதுகிறேன்.

உன் அத்தை உலகம்மாள் போய், வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம். முகத்துக்குச் சுவரில் படம் இருக்கிறது. குரல்தான் மறந்துகொண்டு வருகிறது மக்கா. அடுக்களையிலிருந்து அவள் கூப்பிட்டது எப்படி என்று யோசித்தால் குக்கர் சத்தம்தான் வருகிறது. பழைய கம்ப்யூட்டர் சாகக் கிடந்தபோது, அதை அப்படியே இந்த லினக்ஸ் லேப்டாப்புக்குள் விர்ச்சுவல் மெஷினாக, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக, ஏற்றிக் கொடுத்து, “அத்தைக்க குரலு உள்ள பத்திரமா கெடக்கு மாமா, எப்ப வேணும்னாலும் கேளுங்க” என்றாய். கேட்கத் தைரியம் வரப் பதினோரு மாதம் ஆயிற்று. வந்த அன்று தட்டினால் ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. என் வீட்டில் எனக்கே அனுமதி இல்லையாம்.

முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீசில் இருந்தவன் நான். யாரையும் இப்படி இரண்டே வார்த்தையில் விரட்டியதில்லை. திங்கட்கிழமை வாரும் என்போம். பகவதியப்பன் அவன் அப்பாவின் வாரிசுச் சான்றுக்கு ஒன்பது மாதம் நடந்தான். பத்தாம் மாதம் அவனுக்கே வாரிசுச் சான்று கேட்டு அவன் பெண்சாதி வந்து நின்றாள். அந்தப் பாவம்தான் இது என்று நினைத்தேன்.

லேப்டாப் பழுதுபார்க்கும் டெனிஷ் இராஜாக்கமங்கலத்திலிருந்து வந்தான். முதலில் என் பெயரை ஏதோ குழுவில் சேர்த்தான், வெளியே போய் மறுபடி உள்ளே வரச் சொன்னான், வந்தேன், அதே பதில். நோண்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இந்த ஃபைல யாரு ரூட்டுக்க பேருல மாத்தி வச்சது?” என்றான். நான்தான். முக்கியமான ஆவணம் ரூட் என்கிற மேலதிகாரி பொறுப்பில் இருக்கட்டுமே என்று போன மாதம் நீ எழுதிவைத்துப் போன நோட்டைப் பார்த்து நானே மாற்றினேன். ஆபீசில் பெட்டகச் சாவி தாசில்தாரிடம்தானே இருக்கும்!

“அப்பம் ஒமக்கு எப்பிடி தெறக்கும்? எல்லாருக்கும் தொறந்து விட்டிரட்டா?”

“அதென்ன சந்தையா லே?”

“செரி, ஒம்ம பேருக்கு மாத்துனா அஞ்சு நிமிசம்.”

தொட்டு ஏதாவது கெட்டால் அவள் இரண்டாம் தடவை போவாள். உன் கையெழுத்துடன் ஒப்புதல் கடிதம் வந்த பிறகே தொடலாம் என்று அனுப்பிவிட்டேன். தபாலில் உடனே அனுப்பு.

உன்னையும் உன் மனைவி ரஷ்மியையும் தாணுமாலயன் ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
சிவதாணு

பி.கு.: இதை ஒட்டுவதற்குள், மறந்துபோன சார்ஜரை எடுக்க டெனிஷ் வந்தான். நான் அவனுக்குத் தேயிலை போடப் போன நேரத்தில் பெயரை மாற்றிவிட்டான். திறந்தது. மொத்தம் பன்னிரண்டு விநாடி. “நான் ஒரு பாட்டு பாடட்டா? இதுல பதியுமா?” என்கிறாள். “வேண்டாம்ட்டி, மைக்க வை” என்கிறேன். பிறகு மின்விசிறிச் சத்தம். ஒப்புதல் கடிதம் அனுப்ப வேண்டாம்.