மீஞ்சூரில் அன்று பேப்பர் கிடைக்கவில்லை

திவாலானவனுக்கு மானமாவது மிஞ்சும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் திவாலானவன். எனக்கு மிஞ்சியது ஒரே நாளின் பத்திரிகை, அறுபத்தொரு பிரதிகள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை ஷெட்டில் இரண்டு லேத் மெஷினைப் போட்டு, கம்பெனிகளுக்குப் போல்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதச் சம்பள வேலையை உதறிவிட்டு ஆரம்பித்த தொழில். என் மனைவி செல்வி அப்போதே வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. (விசிட்டிங் கார்டில் 'உரிமையாளர்' என்று அடித்துவிட்டவன் யார் பேச்சைக் கேட்பான்?) மூன்று வருடம் ஓடியது. பிறகு எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, எனக்குத் தரவேண்டிய பணத்தோடு கதவைச் சாத்திக்கொண்டது. மெஷின்களை ஃபைனான்ஸ்காரர்கள் வந்து லாரியில் ஏற்றிப் போனார்கள். அது போக இன்னும் இருபத்துமூன்று பேரிடம் கடன் இருந்தது.

இதில் ஒரு வார்த்தையும் செல்விக்குத் தெரியாது, அல்லது தெரியாது என்று நான் நம்பினேன். "வேணாம்னு அன்னிக்கே சொன்னனே" என்று அவள் சொல்லிவிட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் மூன்று மாதம் தினமும் மீஞ்சூரிலிருந்து டிபன் கேரியரோடு கிளம்பி, காலி ஷெட்டுக்குப் போய், தயிர்சாதம் சாப்பிட்டு, அட்டைப்பெட்டியை விரித்துத் தூங்கினேன். சாயங்காலம் கையிலும் சட்டையிலும் கொஞ்சம் கிரீஸைத் தடவிக்கொண்டு, ஓய்ந்துபோன நடையோடு வீடு திரும்புவேன். நடிப்பில் எனக்கே பெருமை.

கடைசியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். "மஞ்ச கடுதாசி குட்த்துடுப்பா, வேற வழியே இல்ல" என்றார். திவால் மனுவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான்.

"சார், இது நமக்குள்ளயே இருக்குமில்ல? ஊட்ல தெரிஞ்சா பேஜாராயிடும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கடன் குட்த்தவனுக்கெல்லாம் கோர்ட்டு நோட்டீஸ் போவும். வாங்காம ஏமாத்தறவனுக்குப் பேப்பர்ல போடுவாங்க. திவால்ன்னாலே ஊரைக் கூட்டிச் சொல்றதுதான். ரகசியமா திவாலாவணும்னா நீ கடனே வாங்கியிருக்கக் கூடாது."

நோட்டீஸ்கள் போயின. சிலர் வாங்கினார்கள், சிலர் கையெழுத்துப் போடாமல் தபால்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். விளம்பரம் போட கோர்ட்டு உத்தரவிட்டது. செலவு குறைவு என்பதால், எங்கள் பக்கம் அவ்வளவாக விற்காத ஒரு பத்திரிகையை வக்கீல் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. மீஞ்சூரில் அந்தப் பத்திரிகை ஸ்டேஷன் எதிரே இருக்கும் தேவராஜ் அண்ணன் கடைக்கு மட்டுமே வரும். மொத்தத்தையும் நான் வாங்கிவிட்டால்? செல்வியின் காதுக்குச் சேதி எப்படிப் போகும்? (இந்த மூளைதான் தொழில் நடத்தியது. இப்போது புரிகிறதா?)

விளம்பரம் வரும் நாள் காலை ஐந்தரைக்கு, கரண்ட் பில் கட்டச் செல்வி கொடுத்திருந்த பணத்தோடு கடைக்குப் போனேன்.

"இன்னாபா, இவ்ளோ காத்தால?" என்றார் தேவராஜ் அண்ணன், கட்டைப் பிரித்தபடி.

"இந்தப் பேப்பர் எத்தினி இருக்குண்ணே?"

"அறுவத்திரெண்டு."

"எல்லாத்தையும் குட்த்துடு."

கையிலிருந்த கயிற்றை அப்படியே கீழே போட்டார். "இன்னாத்துக்கு?"

"கம்பெனில பார்ட்ஸ் சுத்தி அனுப்பணும்ண்ணே."

"பழைய பேப்பர் கிலோ பத்து ரூபாய்க்கு நானே தரேனே! இப்பத்தான் வந்த பேப்பர்ல எவனாச்சும் போல்ட்டு சுத்துவானா?"

"புதுப் பேப்பர்ல சுத்துனாத்தாண்ணே துரு ஏறாது."

இருபது வருடம் பேப்பர் விற்றவர் அவர். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. ஆனாலும், வந்த லட்சுமியை விடுவானேன் என்று அறுபத்தொன்றை எண்ணிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் மடித்து இடுப்பருகே வைத்துக்கொண்டார். "இது நான் படிக்கறது. இத்த மட்டும் கேக்காத." ராசிபலன் பார்ப்பார், சினிமாச் சேதி பார்ப்பார், அதற்கு மேல் போகமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

ஷெட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். என் பெயர் 'மனுதாரர்' என்று ஒரே வரியில் இருந்தது. அட, இவ்வளவுதானா என்று ஆறுதலாகக்கூட இருந்தது. அதற்குக் கீழே பார்த்தேன். 'எதிர்மனுதாரர்கள்' என்று போட்டு, நோட்டீஸ் வாங்கியவர், வாங்காதவர் என்ற பேதமில்லாமல், எனக்குக் கடன் கொடுத்த இருபத்துமூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, ஒன்று விடாமல். ஏழாவது ஆள், தேவராஜ், பேப்பர் கடை, ரயில் நிலையம் எதிரில், மீஞ்சூர்.

கோர்ட்டுக் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். "எங்க ஊட்ல தெரிஞ்சா தொலைச்சிடுவா, மூச்சு விடாத" என்று சொல்லிப் பதினைந்தாயிரம் கொடுத்த மனுஷன் அவர். என் ஒருவரி மானத்தை மறைக்க ஊர்ப் பேப்பரை எல்லாம் வாங்கிய நான், என்னை நம்பியவர்களை வீட்டு நம்பரோடு காட்டிக் கொடுத்திருக்கிறேன். இது ஒருநாளும் என் நினைப்பில் வரவில்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

வண்டியைத் திருப்பி ஓட்டினேன். கேட் போட்டிருந்தான். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று, என் மேல் ஏதோ பழைய விரோதம் இருப்பதுபோல, ஆடி அசைந்து போனது. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது தேவராஜ் அண்ணன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கஸ்தூரி நாஷ்டா எடுத்தாந்தா. பேப்பரப் பாத்தா. நாஷ்டாவையும் பேப்பரையும் தூக்கிக்கினு உன் ஊட்டுக்குப் பூட்டாபா."

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி கஸ்தூரி அக்கா நடு ஹாலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஃபிரிட்ஜு வாங்கிக் குடுய்யான்னு ரெண்டு வருசமாக் கேக்கறேன்டி செல்வி! டப்பு இல்ல, டப்பு இல்லன்னான் அந்த மனுசன்! ஒம் புருசனுக்கு எவ்ளோ குட்த்தான்னு இப்ப எனக்குத் தெரியணும்!"

செல்வி தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அது... அதே பேர்ல வேற ஒரு ஆளு" என்றேன். (என் இனிஷியலும் எங்கள் கதவு எண்ணும் இருந்தன.)

அவள் நிமிரவில்லை. இருபத்துமூன்றாவது பெயர்வரை படித்து முடித்தாள். "பால்காரரு இருக்காரு. மளிகைக் கடை இருக்கு. நான் எங்க?"

"நீ எதுக்கு இதுல?"

"ரெண்டாவது லேத்து வாங்க ஆறு பவுன் செயினக் கழட்டிக் குட்த்தேனே, அது கடன் இல்லியா?"

நியாயமான கேள்வி. வக்கீலும் இதையே கேட்டார், வீட்டில் யாரிடமாவது வாங்கியிருக்கிறாயா என்று. இவள் பெயரை எழுதினால் கோர்ட்டு நோட்டீஸ் இவள் கைக்கே வரும் என்று பயந்து, இல்லை சார் என்று சொல்லியிருந்தேன்.

"ஷெட்டு பூட்டிக் கெடக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிங்களா?" என்றாள். "ஒங்க சட்டையைத் தோய்க்கறது யாரு? மூணு மாசமா கிரீஸ் இருக்கு, ஒரு பொட்டு இரும்புத்தூள் இல்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். கோர்ட்டாண்ட சொன்னீங்க, பால்காரராண்ட சொன்னீங்க, என்னாண்ட மட்டும் சொல்லல."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். சண்டை போட வந்த கஸ்தூரி அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷனுக்குக் கொண்டுபோன டிபன் டப்பாவைத் திறந்து, "துன்னுங்க மொதல்ல" என்று எங்கள் இருவருக்கும் இட்லி வைத்தார். தேவராஜ் அண்ணன் அன்று பட்டினி.

மறுபடியும் சம்பள வேலைக்குப் போனேன். தேவராஜ் அண்ணன் பணத்தைக் கோர்ட்டு சொல்லாமலே தவணையில் கொடுத்து முடித்தேன். கஸ்தூரி அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தது. சில வருடம் கழித்து, மனுவில் கண்ட கடன்களிலிருந்து என்னை விடுவித்துக் கோர்ட்டு உத்தரவு போட்டது. துள்ளிக் குதித்து வந்து அதைச் செல்வியிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

"மனுவுல எழுதுன கடனுக்குத்தான இது? என்னுது அதுல இல்லியே. அப்ப தள்ளுபடி கெடையாது" என்றாள்.

வக்கீலிடம் கேட்டேன். "சட்டப்படி உன் சம்சாரம் சொல்றதுதாம்பா கரெக்டு" என்று சிரித்தார். அன்றிலிருந்து போனஸ் வரும்போதெல்லாம் கிராம் கிராமாக வாங்கி அடைத்துக்கொண்டிருக்கிறேன். தங்கம் விற்கிற விலைக்கு எந்த மீட்டர் வட்டிக்காரனும் இவளிடம் பிச்சை வாங்கவேண்டும். கல்யாணம் காதுகுத்து என்று எங்கே போனாலும் சொந்தக்காரர் யாராவது, "ஊட்டுக்காரரு கடனெல்லாம் ஒரு வழியா முடிஞ்சிதா?" என்று அவளைக் கேட்கிறார்கள். கேட்பது, அவள் பதிலைக் கேட்டுச் சிரிப்பதற்காகத்தான்.

"கோர்ட்டுக்குத் தெரிஞ்சதெல்லாம் முடிஞ்சிதுங்க" என்கிறாள் செல்வி. "தெரியாததுல இன்னும் நாலு பவுன் பாக்கி."