நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கட்டைவிரல்

"சார், உங்க புஸ்தகத்துல ஒரு கட்டைவிரல் கீது சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு போனை எடுத்த ஸ்ரீநாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசியவர் அவனுடைய வீட்டு ஓனர் டில்லிபாபு. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் தன் லேத் பட்டறையிலிருந்து பேசினார்.

"விரலா?"

"ஆமா சார். நூத்திப் பன்னெண்டாம் பக்கம். மெஷினு நின்னு போச்சு, எரர் நாப்பத்தேழுன்னு காட்டுது. புஸ்தகத்தைப் பொரட்டினா, நாப்பத்தேழுக்கு நூத்திப் பன்னெண்டப் பாருன்னு போட்டுகீது. அங்க போனா எந்த வரி வேணுமோ அந்த வரி மேல ஒரு விரலு குந்திகினு கீது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா சார்?" ஸ்ரீநாத் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான். போரூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறான். தினமும் நாற்பது பேருக்குச் சொல்லும் அறிவுரை அது.

"நூறு வாட்டி பண்ணியாச்சு. உங்க விரலை எடு சார்!"

போன் வைக்கப்பட்டது. ஸ்ரீநாத் பற்பசையை விழுங்கினான்.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. அச்சில் இல்லாமல் போன பழைய நிரல் கையேடுகளைத் தேடிப் பிடித்து, படமெடுத்து, மறுபடி புத்தகமாக்குவது அவனுடைய விடுமுறைப் பைத்தியம். முதல் போட்டு ஆயிரம் பிரதி அடுக்கி வைக்கிற வேலை இல்லை. யாராவது இணையத்தில் கேட்டால் அச்சகம் ஒரே ஒரு பிரதி அடித்து அனுப்பும். நான்கு வருடத்தில் கேட்டவர்கள் பதினோரு பேர். 'கார்வெல் 8' என்கிற, நிரல் போட்டால் தானே இரும்பு கடையும் சிஎன்சி எந்திரத்துக்கான கையேட்டை அவன் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடுத்தான். எஸ்டேட்டில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் முத்திரை அதில் இருந்தது. எந்திரத்தைச் செய்த கம்பெனியும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் வாரிசுகளுக்கு அனுமதி கேட்டு எழுதினான். 'என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், இன்னொரு முறை எழுதாதீர்கள்' என்று பதில் வந்தது.

போன மாதம் டில்லிபாபுவின் பட்டறைக்குப் போனபோது, அங்கே அதே கார்வெல் 8 நின்றுகொண்டிருந்தது. அதே தொழிற்சாலையிலிருந்து ஏலத்தில் எடுத்ததாம். ஸ்ரீநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. "இதோட புஸ்தகம் நான்தான் சார் போட்டிருக்கேன்!" என்று ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்தான். 'அன்புள்ள டில்லிபாபு அவர்களுக்கு' என்று வேறு.

கம்ப்யூட்டரில் 112ஆம் பக்கத்தைத் திறந்தான். கருகருவென்று ஒரு கட்டைவிரல். நகத்தின் நடுவில் ஒரு பிளவு. விரலுக்கு மேலே 'எரர் 47, எரர் 74' என்று தெரிந்தது. அதற்குக் கீழே என்ன செய்ய வேண்டும் என்கிற வரி முழுக்க விரலுக்கடியில்.

"நான்தான்," என்றான். "ஒரு கையால பக்கத்தை அழுத்தி, ஒரு கையால போனைப் பிடிச்சு எடுத்தேன். எடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

மனைவி வர்ஷா அவன் கையை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "உங்க விரல் இவ்வளவு தடியா?"

"போன்ல எடுத்தா எல்லாமே குண்டாத்தான் தெரியும்."

"நகம் பிளந்திருக்கே?"

"அன்னிக்கு ஏதாவது டப்பா திறந்திருப்பேன்."

தன்மேல் பழி போட்டுக்கொள்வதில் ஸ்ரீநாத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தான் ஏறியதால்தான் லிஃப்ட் நின்றது என்று நினைக்கிற பிறவி.

அன்று மதியம் டில்லிபாபு நேரிலேயே மாடியேறி வந்தார். பாரிவாக்கத்தில் அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் இந்த வீடு நிற்கிறது. "சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள புஷ்ஷு, அதான் இந்த இரும்பு வளையம், கடைஞ்சு அனுப்பணும் சார். இன்னும் முந்நூறு பாக்கி. இது போச்சுன்னா அந்தக் கம்பெனி எனுக்கு ஆர்டரே குடுக்காது. அப்பால நானு உங்களை இன்னா சொல்றதுன்னு தெரியல. என் மச்சான் இந்த மாடியைக் கேட்டுகினே கீறான். படிச்ச ஜனமாச்சேன்னு உங்களுக்கு வுட்டு வெச்சுகீறேன்."

அவர் இறங்கிப் போனதும் வர்ஷா சமையலறையிலிருந்தே பேசினாள். "ஆறு வருஷத்துல நாலு வீடு. இன்னொரு தடவை என்னைப் பாத்திரத்தைப் பேப்பர்ல சுத்த வெச்சீங்க, சுத்தி முடிச்சதும் நானும் ரோஷினியும் நேரா ஈரோடு பஸ்தான்."

அசல் புத்தகத்தைப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் படமெடுக்க வசதியாக அதன் முதுகை வெட்டித் தாள்தாளாக்கியிருந்தான்.

"அந்தத் தாளெல்லாம் எங்கே?"

வர்ஷா கூடத்தின் மூலையைக் காட்டினாள். அங்கே மகள் ரோஷினியின் எரிமலை இருந்தது. பூந்தமல்லிப் பள்ளியில் செவ்வாய்க்கிழமை அறிவியல் கண்காட்சி. காகிதக் கூழில் செய்து, சிவப்பு அடித்து, உச்சியில் சோடா உப்பு வைக்கக் குழிகூட எடுத்திருந்தாள்.

"அப்பா, வேண்டாம்!" என்றாள் ரோஷினி.

"ஒரே ஒரு பக்கம்டா கண்ணு. ஓரமா உரிச்சுப் பார்த்துட்டு அப்படியே ஒட்டிடறேன்."

ஓரமாகத்தான் உரித்தான். அரை மணி நேரத்தில் எரிமலை இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் குழம்பு இருந்தது. அதில் ஒரு 'எரர்' என்கிற சொல்லும், கால்வாசி அட்டவணையும் கிடைத்தன. ரோஷினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. திங்கட்கிழமை மாலை அப்பாவை உட்கார வைத்துப் புது எரிமலை செய்ய வைத்தாள். அது இட்லிப் பானை மாதிரி வந்தது.

அன்றைக்கே அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. படத்தில் வேண்டாததை அழித்துவிட்டு, அங்கே என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து நிரப்பும் செயலி ஒன்று இருந்தது. விரலைக் காட்டினான். விரல் மறைந்தது. அதே எழுத்துருவில், அதே அளவில், அழகாக ஒரு வரி முளைத்தது. 'பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே ஒன்பதை மூன்று முறை தட்டவும்.'

உடனே டில்லிபாபுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

"போன்ல வர்றதையெல்லாம் நம்ப மாட்டான் சார் எங்க பாண்டியன். புஸ்தகத்துல போட்டுக் குடு. அச்சுல இருந்தா அது பேச்சு."

ஆகவே 'திருத்திய இரண்டாம் பதிப்பு' அவசரமாக அச்சுக்குப் போனது. அச்சகம் இருப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், டில்லிபாபுவின் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. ஸ்ரீநாத் வாசலில் போய் நின்று, "கையில குடுங்க, நடந்தே போய்க் குடுத்துடறேன்" என்று கெஞ்சினான். "கொரியர்லதான் சார் போகும், சிஸ்டம் அப்படி" என்றார்கள். புத்தகம் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய், ஒரு நாள் தங்கி, வியாழக்கிழமை அந்த இரண்டு தெருவைக் கடந்து வந்து சேர்ந்தது.

பட்டறையில் ஆபரேட்டர் பாண்டியன் கண்ணாடியை ஏற்றிவிட்டு 112ஆம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஐம்பது வயதுக்காரர். இருபத்தைந்து வருடமாக இரும்பு கடைகிறவர்.

"இதுல எனுக்கு நம்பிக்கை இல்ல. ஆனா போட்டுகீது," என்றார்.

பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

நான்கு நாள் பிணமாகக் கிடந்த எந்திரம் உயிர் பெற்றது. தலைகீழாகச் சுழன்றது. சூடு ஆற்றுவதற்கான கூலன்ட் குழாய் அப்படியே நிமிர்ந்து, பால் போன்ற அந்தத் தண்ணீரை டில்லிபாபுவின் மேல் பீய்ச்சியது. அவர் அன்று ஐயப்பன்தாங்கலில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பாண்டியன் பாய்ந்து சிவப்புப் பொத்தானைக் குத்தினார். எந்திரம் நின்றது. திரையில் எண் மாறியிருந்தது.

"எரர் எழுபத்திநாலு," என்று படித்தார் பாண்டியன். புத்தகத்தைப் புரட்டினார். "எழுபத்திநாலுக்கு... நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பாக்கவும்."

டில்லிபாபுவின் மூக்கு நுனியிலிருந்து கூலன்ட் சொட்டியது. "சார், பாக்கிங் அட்டைப்பொட்டி என்கிட்டயே கீது. வேணுமா?"

"அது வந்து சார்..."

"பழைய கம்பெனில ஒரு கிழவனாரு இருந்தாராம்ணே," என்று பாண்டியன் ஸ்ரீநாத்தைக் காப்பாற்றினார். "இந்த மெஷினு நின்னா எல்லாரையும் வெளிய தொரத்திட்டு ஷட்டரை இறக்கிக்குவாராம். உள்ள இன்னா பண்ணுவாரோ, வேர்த்து ஊத்திகினு வெளிய வந்தா மெஷினு ஓடுமாம். மேனேஜரே கைல டீ வாங்கினு வந்து குடுப்பாராம். பேருதான் தெரியல."

வெள்ளிக்கிழமை ஸ்ரீநாத் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டான். வீட்டில் வர்ஷா குக்கரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். சும்மாதான், பழகிப் பார்க்கிறாளாம். வேறு வழி தெரியாமல் அவன் புத்தகத்தின் இணையப் பக்கத்தை வெறித்தபோதுதான், அங்கே இருந்த ஒரே ஒரு விமர்சனம் கண்ணில் பட்டது. ஐந்து நட்சத்திரம் என்பதைத் தவிர அதுவரை அவன் அதைப் படித்ததே இல்லை.

'ஐயா, நலம். தாங்கள் பதிப்பித்த கார்வெல் 8 கையேடு கிடைத்தது. நான் மேற்படி எந்திரத்தில் முப்பத்தோரு ஆண்டு பணிபுரிந்தவன். 112ஆம் பக்கம் அப்படியே இருக்கிறது. மிக்க நிம்மதி. இப்படிக்கு, இராமகிருஷ்ணன்.' அதன் கீழே, கடிதத்தில் எழுதுவதுபோல, பட்டாபிராமில் கதவு எண், தெரு எல்லாம் இருந்தது.

'அப்படியே இருக்கிறது.' ஸ்ரீநாத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட நிற்கவில்லை; விரல் இல்லாத பிரதி ஒன்று உலகத்தில் இருக்கிறது!

சனிக்கிழமை மதியம் அவனும் டில்லிபாபுவும் ஒரே பைக்கில் பட்டாபிராம் போனார்கள். வழியில் டில்லிபாபு ஒரு வார்த்தை பேசவில்லை. ஹார்ன் மட்டும் பேசியது.

இராமகிருஷ்ணனுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். ஒல்லியான மனிதர். தோளில் கிடந்த துண்டுக்குள் வலது கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இடது கையாலேயே நாற்காலி போட்டார், இடது கையாலேயே புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்ரீநாத் 112ஐத் திறந்தான்.

கட்டைவிரல்.

டில்லிபாபு கண்ணை மூடிக்கொண்டார். "மச்சானுக்கு போனைப் போடறேன்," என்றார்.

"மெஷின் நின்னு போச்சா?" என்று கேட்டார் இராமகிருஷ்ணன். "என்ன நம்பர்?"

"மொதல்ல நாப்பத்தேழு. இவரு புண்ணியத்துல இப்ப எழுபத்திநாலு."

பெரியவர் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தார். "மெஷின் பக்கத்துல யார் இருக்கா?"

"பாண்டியன்."

"வெளிய போகச் சொல்லுங்க."

"அவனும் வெளிய போயிட்டா யாரு சார் உள்ள வேலை பாக்கிறது?"

இராமகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். கட்டிக் காத்த சொத்தை எழுதிக் கொடுப்பவர்போலக் குரல் தாழ்ந்தது. "சரி. மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷம் எதையும் தொடக் கூடாது. ஒன்பது நிமிஷத்துல போட்டாலும் வேலைக்கு ஆகாது. முழுசா பத்து. அப்புறம் போடச் சொல்லுங்க."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அணைத்துப் போடுவது! ஸ்ரீநாத் தலையில் அடித்துக்கொண்டான். தினமும் நாற்பது பேர். டில்லிபாபு போனில் சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். எஸ்டேட்டில் பத்து நிமிஷம் சும்மா இருப்பவர் யார்? நூறு தடவை அணைத்துப் போட்டவர்கள், அணைத்த கையோடு போட்டிருக்கிறார்கள்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஒரு சரக்கு ரயில் வந்து, முடியவே முடியாமல் நீண்டு, ஒருவழியாகப் போனது. ஸ்ரீநாத்துக்கு அந்த வாரத்திலேயே அந்தப் பத்து நிமிஷம்தான் நிம்மதியாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை.

போன் அடித்தது. பாண்டியன் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் எந்திரம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

டில்லிபாபு துள்ளி எழுந்து ஸ்ரீநாத்தை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். "மாடி உனுக்குத்தான் நைனா! மச்சான் கெடக்கிறான்! உன் பொண்ணு கல்யாணம் வரைக்கும் அங்கயே இரு!"

ஸ்ரீநாத் உடனே வர்ஷாவுக்குத் தகவல் அனுப்பினான்: 'குக்கரைப் பிரி.'

சத்தம் கேட்டு இராமகிருஷ்ணனின் மனைவி ஹேமாவதி காபித் தம்ளர்களோடு வந்தார். மேசைமேல் திறந்து கிடந்த பக்கத்தை ஸ்ரீநாத் குற்ற உணர்வோடு அவசரமாக மூடப் போனான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. காசு குடுத்து வாங்கின புஸ்தகத்துல இப்படி ஒரு விரல். படமெடுக்கறப்ப தெரியாம பட்டுடுச்சு. என் விரல்தான்."

"உங்க விரலா? நல்ல கூத்தா இருக்கே!"

"ஹேமா, நீ உள்ள போ," என்றார் இராமகிருஷ்ணன்.

ஹேமாவதி போகவில்லை. தம்ளரை வைத்துவிட்டு, துண்டுக்குள் இருந்த கணவரின் வலது கையை வெடுக்கென்று இழுத்துப் பக்கத்தின்மேல் பதித்தார். தடித்த கட்டைவிரல், நகத்தின் நடுவில் பிளவு. அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

"எண்ணெய் கொட்டின பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிட்டு வாய்யான்னு மேனேஜர் அனுப்பினப்ப, இவரு வேணும்னே அந்த வரி மேல வெச்ச விரல் தம்பி இது, முப்பத்தோரு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டதே இந்த விரல்தான்!"