ஆண்ட்வெர்ப் கோயில் வாசலில் விட்ட பூட்ஸ்

புது பூட்ஸ் போட்டவன் தரையைப் பார்த்து நடக்க மாட்டான். நான் போட்டதோ அடுத்தவர் பூட்ஸ், கேட்கவா வேண்டும்!

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. முதலாளி சாயபு, பேச்சை மொழிபெயர்க்க என்னைத் துபாஷியாகக் கப்பலேற்றி, சீமையிலுள்ள ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் தோலில் தைத்த ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்தான் சாம்பிள். அங்குள்ள வியாபாரிக்கு அது பிடித்தால் ஆர்டர். இல்லாவிட்டால் மண்டிக்குப் பூட்டு.

பன்னிரண்டு மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும். காலையில் முதலாளி குளிக்கப் போன சமயம், சாம்பிளை மாட்டிக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன். (என் பூட்ஸில் ஓட்டை. சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மினுக்கத்தான்.)

ஆற்றங்கரைக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பெரிய மாதா கோயிலுக்கு வந்தேன். கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில் தலைப்பாகை விழுந்தது. நம் ஊர் வழக்கப்படி வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். வேறு ஒரு ஜோடிகூட அங்கே இல்லை. பாவம், இந்த ஊரில் பக்தி கம்மி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போனால் ஜே ஜே என்று கூட்டம்! ஆளுயரத்தைப்போல் மூன்று மடங்கு ஓவியங்கள். எல்லாரும் அவற்றைப் பார்க்க, ஒரு அம்மாள் மட்டும் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்த என் கட்டைவிரலைப் பார்த்தாள். உச்சுக்கொட்டி, என் கையில் ஒரு காசை வைத்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்தால் மழை. பூட்ஸைக் காணோம்!

காலுறையோடு வியாபாரியின் ஆபீசுக்கு ஓடினேன். முதலாளி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

“சாம்பிள் எங்கய்யா?”

“கோயில் வாசல்ல உட்டேன், மொதலாளி.”

“யா அல்லா! மண்டியையே வாசல்ல உட்டுட்டு வந்து நிக்கிறியே! இத்த ஆம்பூர்னு நெனச்சியா?”

நடந்ததை வியாபாரிக்கு நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது (முதலாளியின் வசவு நீங்கலாக). அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தார்.

கோயில் பக்கத்துச் சந்தில், தேங்கிய தண்ணீரில் நின்றிருந்தார் ஒரு பிச்சைக்காரர். காலில் எங்கள் பூட்ஸ்! கழற்ற மாட்டேன் என்று அடம். கடவுளே வாசலில் கொண்டுவந்து வைத்தாராம். வியாபாரி குனிந்து, தோலை அழுத்திப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். சொட்டு ஈரமில்லை. அந்த மழையிலேயே ஆர்டர் கொடுத்தார்.

மண்டி பிழைத்தது. என் மானம்தான் கப்பலேறி, எனக்கு முன்பே ஆம்பூர் வந்து சேர்ந்தது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற நான் குனிந்தால் போதும். சபைக்கே கேட்கும்படி என் மனைவி சொல்வாள்: “பாத்து உடுங்க! எவனாவது ஆர்டர் குடுத்துடப் போறான்!”