பியூலாவின் கோட்டும் என் இறக்கைகளும்

என் தங்கையின் உடையைக் கண்காணிக்கும் பொறுப்பை ஆண்டவர் என்னிடம் ஒப்படைக்கவில்லை. அப்பா ஒப்படைக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். எடுத்ததை எங்கே, எப்படி, எத்தனை பேர் முன்னிலையில் கீழே போட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். தாத்தா கைநாட்டு. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம் இறங்கி ஏறியவர். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்று, அதே சுரங்கத்துக்குப் போய், அது மூடப்பட்ட பிறகு தினமும் பெங்களூருக்கு வேலைக்கு ரயில் ஏறி இறங்கியவர். நான் எம்.எஸ்சி. இயற்பியல். ஒரு வீட்டில் ஒருவன் மட்டும் படித்துவிட்டால், குக்கர் விசில் முதல் கர்த்தருடைய இரண்டாம் வருகை வரை எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு கருத்து இருக்கும். என் வீட்டார் பொறுமைசாலிகள். (வேறு வழி?)

என் தங்கை பியூலா என்னைவிட ஐந்து வயது இளையவள். அவளும் தினமும் ரயிலில் போய், பெங்களூரில் ஓர் ஆடை நிறுவனத்தில் சாம்பிள் தைக்கிறாள். அவளுடைய உடைகளில் அடக்கத்துக்குக் குறை சொல்ல முடியாது. முழுக்கை, கழுத்துவரை பட்டன், கணுக்கால்வரை பாவாடை. ஆனால் ஊரில் யாரும் போடாத மாதிரி இருக்கும். ஆண்கள் சட்டைக் காலரை எடுத்து ரவிக்கைக்கு வைப்பாள். ஜெபத்துக்கு முக்காடு போடுவாள், அது கட்டம்போட்ட லுங்கித் துணியாக இருக்கும். தைக்கிற ஒவ்வொரு உடையிலும் கைமடிப்புக்கு உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சின்னச் சிலுவையைப் பூவேலை செய்வாள்.

"உள்ளே வெச்சா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியவேண்டியவருக்குத் தெரியும்ணா" என்றாள்.

இப்படிப்பட்ட பெண்ணைத் திருத்துவதற்காக, எங்கள் சபையின் வாலிபர் சங்கச் செயலாளர் என்ற முறையில், 'கிறிஸ்தவ வாலிபப் பெண்ணும் அலங்காரமும்' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். கேள்விகள் உண்டா என்றேன். பின்வரிசையில் பியூலா கை தூக்கினாள்.

"ஆம்பளப் பசங்களுக்கு எப்போ கூட்டம்ணா?"

அன்றே நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும்.

எங்கள் சபையில் ஈஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிவதற்கு முன்பே சபையார் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அவர்களுக்கு முன்னால் மூன்று இளம்பெண்கள், இயேசுவின் கல்லறைக்குப் போன ஸ்திரீகளாக, வாசனைத் திரவியக் கிண்ணங்களோடு நடப்பார்கள். கடைசி வரிசையில் ஒரு பழைய வெற்றுக் கல்லறை இருக்கிறது. அதன்மேல் வெள்ளுடையில் ஒரு தேவதூதன் உட்கார்ந்திருப்பான். பயப்படாதீர்கள், அவர் இங்கே இல்லை, உயிர்த்தெழுந்தார் என்று அவன் சொல்ல, அந்த ஸ்திரீகளில் ஒருத்தி தனியாகப் பாடத் தொடங்குவாள். அவள் பாடி முடிக்கவும் சூரியன் வரவும் சரியாக இருக்கும்.

அந்த வருடம் தூதன் நான். பாடப்போகிறவள் பியூலா. எட்டு வருடம் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றவளுக்கு முதல்முறையாகத் தனிப்பாட்டு கிடைத்திருந்தது. சமையலறையில் பாடினாள், துணி உலர்த்தும்போது பாடினாள், காலை ரயிலில் உதட்டை மட்டும் அசைத்துப் பாடினாள்.

அப்போதுதான் பெண்கள் சங்கத் தலைவி ஸ்டெல்லா ஆன்ட்டி என்னை வழிமறித்தார்.

"தம்பி, உன் தங்கச்சி நல்லாத்தான் பாடறா. ஆனா அன்னிக்கி வெள்ளச் சேலதான். அவ இஷ்டத்துக்கு எதனா மாட்டிக்கினு வந்தான்னு வெச்சிக்கோ, பாட்டு என் பொண்ணு பாடுவா. அப்பறம் கொயர்லயும் அவளுக்கு இடம் இல்ல. நீ படிச்ச புள்ள. நீதான் பொறுப்பு."

"நான் பொறுப்பு ஆன்ட்டி" என்றேன். நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும், பியூலா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள். "ஏண்ணா, அந்த ஸ்திரீங்க கல்லறைக்கு இன்னா கட்டிக்கினு போனாங்க?"

"வெள்ளை."

"எங்க எழுதிக் கீது?"

தேடினேன். எங்கும் இல்லை. வெள்ளை உடுத்தியிருந்தது தூதன் மட்டும்தான்.

"செத்துட்டாருன்னு நெனச்சி அழுதுக்கினு போறாங்க. பண்டிகைக்குப் போறா மாதிரியா போவாங்க? குளுருல, இருட்டுல, கைல கெடச்சதப் போத்திக்கினு போயிருப்பாங்க."

வேதாகமத்தை மூடிவிட்டுக் குரலை உயர்த்தினேன். "பாட்டு போயிடும் பியூலா!"

அவள் கோத்த நூலுக்கு முடிச்சுப் போட்டாள். பிறகு, "சரிண்ணா. வெள்ளச் சேலயே கட்றேன்" என்றாள்.

(இருபத்துமூன்று வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் 'சரி' அது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) சனிக்கிழமை அந்தச் சேலையை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறு விடியற்காலை, வீட்டில் மற்றவர்கள் எழுமுன் கிளம்பிவிட்டேன். அம்மாவின் வெள்ளைப் போர்வை, முதுகில் தெர்மாகோல் இறக்கைகள். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். தூதனிடம் கைப்பேசி இருக்காது என்று நானே போட்ட விதி.

முந்தின மாலை மழை பெய்திருந்தது. ஸ்கெலட்டன் லைன் வீடுகளைத் தாண்டியதும் மூடுபனி. (ஸ்கெலட்டன் என்பது எங்கள் சுரங்கக் குடியிருப்பின் பெயர். எலும்புக்கூடு என்று அர்த்தம். வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள், நாங்கள் அதில் ரேஷன் கார்டே வாங்கியிருக்கிறோம்.) கல்லறைத் தோட்டத்தில் பனி இடுப்பளவு நின்றது. சிலுவைகளின் தலைகள் மட்டும் மேலே தெரிந்தன, தண்ணீரில் கழுத்துவரை இறங்கியவர்கள் மாதிரி. மதிலுக்கு அந்தப் பக்கம் மூடப்பட்ட பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய செங்குத்துக் குழி. அதன் இரும்புக் கோபுரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கும் பின்னால், சுரங்கக் கழிவு கொட்டி உயர்ந்த சயனைடு மேடு, இருட்டிலும் வெளுப்பாக.

கல்லறைமேல் ஏறி உட்கார்ந்தேன். கல் போர்வையைத் தாண்டிச் சில்லிட்டது.

முதலில் ஒரு சொட்டுச் சத்தம். எங்கோ ஆழத்தில், வெகுநேரம் விழுந்த பிறகு கேட்கிற சொட்டு. ஷாஃப்டுக்குள் நிலத்தடி நீர் கசிகிறது, இயற்கை, என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஷாஃப்ட் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது, ஈரத் துரு வாசனையோடு, ஒருவர் வாய்திறந்து மூச்சுவிடுவதுபோல. காற்றழுத்த வேறுபாடு, என்றேன். பூமி ஒருமுறை மெல்ல முனகி அடங்கியது. கல்லறை எனக்குக் கீழே நடுங்கியது. பாறை அடுக்குகளின் இறுக்கம் தளர்கிறது, என்றேன். வாய்விட்டே சொன்னேன். என் குரல் பனிக்குள் போய் வேறு யாருடைய குரலாகவோ திரும்பி வந்தது.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாறை வெடித்துக் கீழேயே செத்துப்போனவர்கள், மூடுபனி நாட்களில் லைட்டோடு மேலே வருவார்கள். சுரங்கத்தை மூடிவிட்ட செய்தியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதை மூடநம்பிக்கை என்று வாலிபர் சங்கத்தில் தனி உரையாகவே பேசியிருக்கிறேன். பகல் பதினோரு மணிக்கு.

தாத்தாவின் கல்லறை மூன்று வரிசை தள்ளி இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் வெளிச்சம் வந்தது.

ஒரே ஒரு வெளிச்சம், ஆள் நெற்றி உயரத்தில். மஞ்சளாக, ஆடாமல். கூடவே காலடிச் சத்தம். டக், டக் என்று கனமான பூட்ஸ், கல்லில். மெழுகுவத்தி ஊர்வலம் வரவேண்டியது கேட் பக்கமிருந்து. இது ஷாஃப்ட் பக்கமிருந்து வந்தது.

அதற்குள் ஆளுயரத்துக்கு ஏறியிருந்த பனி விலகி ஒரு கோட்டு தெரிந்தது. தலை இல்லை. முகம் இல்லை. கறுத்த நீலக் கோட்டும் மேலே அந்த வெளிச்சமும் மட்டும். எனக்கு அந்தக் கோட்டைத் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில், சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்குவதற்கு முன் எடுத்த படத்தில், தாத்தா அதைத்தான் போட்டிருப்பார். இடது தோளில் தோல் ஒட்டு. அதே ஒட்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. தாத்தாவின் கல்லறையருகே அது நின்றது. குனிந்தது. நிமிர்ந்தது.

என் எம்.எஸ்சி. அந்த இடத்திலேயே என்னைவிட்டுப் போனது.

"தாத்தா!" என்று அலறினேன். "ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி! மைன்ஸ மூடியாச்சி! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

சொல்லிவிட்டுக் கல்லறையிலிருந்து குதித்து ஓடினேன். ஒரு சிலுவை என் இடது இறக்கையைப் பிடித்துக்கொண்டது. தாத்தா பிடித்துவிட்டார் என்று நினைத்து அதை அவருக்கே கொடுத்துவிட்டு ஓடினேன். பனிக்குள்ளிருந்து ஒற்றை இறக்கையோடு, வீட்டுக்குப் போங்க என்று கதறிக்கொண்டு நான் வெளிப்பட்டபோது, எதிரே கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது மொத்த சபையும். எல்லாம் சுரங்கக் குடும்பங்கள். ஓடு என்றால் காரணம் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள். பாதிப் பேர் திரும்பி ஓடினார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி வெள்ளைப் பட்டுச் சேலையோடு சேற்றில் உட்கார்ந்தார். சபைப் போதகர் ஐயர் மட்டும் அசையாமல் நின்று, "தம்பி, உன் வசனம் எங்கப்பா?" என்று கேட்டார்.

அப்போது பனிக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

சுருதி கொடுக்க ஆளில்லை, கூட வரவேண்டிய இரண்டு பெண்களும் இல்லை. (ஒருத்தியின் செருப்பு அறுந்து இருவரும் பின்தங்கிவிட்டார்கள்.) செய்தி சொல்லவேண்டிய தூதனும் கேட்டருகே முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் தனியாக, வெற்றுக் கல்லறை முன்னால் நின்று, முதல் வரியை எடுத்தாள். ஓடியவர்கள் நின்றார்கள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி சேற்றிலிருந்து எழுந்திருக்க மறந்து கேட்டார்.

கிட்டே போனபோதுதான் பார்த்தேன். தாத்தாவின் கோட்டைப் பிரித்து, இடுப்பில் ஒடுக்கி, கணுக்கால்வரை துணி சேர்த்துத் தைத்திருந்தாள். தலையில் கறுப்பு முக்காடு. கையில் தாத்தாவின் சுரங்க லைட்டு. வழி தெரிவதற்காக நெற்றிக்கு நேரே பிடித்திருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் சயனைடு மேட்டுக்குப் பின்னால் வெளுத்தது. பியூலா லைட்டைக் கல்லறைமேல் வைத்து, பட்டன்களைக் கழற்றி, கோட்டைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். உள்ளே நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை. வெயிலின் முதல் கீற்று அதில் விழுந்தது. துக்கத்தைக் கழற்றிப் போடுவது எப்படி இருக்கும் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

"வெள்ளச் சேல கட்றேன்னுதானே சொன்னேன்? மேல எதுவும் போடமாட்டேன்னா சொன்னேன்?" என்றாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில். தோட்டத்துக்கு ஏன் அந்தப் பக்கமிருந்து வந்தாய் என்றேன். தாத்தா கோட்டை அவரிடம் காட்டிவிட்டு வரலாம் என்று உடைந்த மதில் வழியாக வந்தாளாம்.

லைட்டுக்குப் புது பல்பு போட்டுக் கொடுத்தது அப்பா. கோட்டையும் டிரங்குப் பெட்டியிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். "இருட்டுல போற புள்ளைக்கு லைட்டு வேணாமாடா?" என்றார்.

அடுத்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் என்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். பியூலாவின் உடைபற்றிப் பேச நேரமே மிஞ்சவில்லை. அவளுடைய இடம் அப்படித்தான் தப்பியது. பாடகர் குழுவில் இப்போது முன்வரிசையில் நிற்கிறாள். டிசம்பரில் ஸ்டெல்லா ஆன்ட்டி ஒரு கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். "குளுருக்குத்தான், வேற ஒண்ணுமில்ல" என்று மூன்று முறை சொன்னார்.

ஒன்றுமட்டும் இன்னும் எனக்குத் தெளியவில்லை. பூட்ஸ் சத்தத்தைப் பற்றி ஒருநாள் பியூலாவிடம் கேட்டேன். "நான் கேன்வாஸ் ஷூதானே போட்டிருந்தேன்? அதுவும் ஈரப் புல்லு மேல" என்றாள். நாங்கள் இருவரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க தாத்தாவா இருந்தா, நீ சொன்னதும் போயிருப்பாருடா. சூப்பர்வைசர் பேச்ச தட்ட மாட்டாரு."

நான் அதற்குப் பிறகும் முழுதாகத் திருந்திவிடவில்லை. போன மாதம்கூட, பியூலா சாக்குத் துணியில் பை மாதிரி ஏதோ ஒன்றைத் தைத்து மாட்டிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பியபோது, "இது என்ன..." என்று ஆரம்பித்தேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பியூலா வாசலில் செருப்பை மாட்டியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சிண்ணா. வீட்டுக்குப் போங்க."

வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் உள்ளே போய்விட்டேன்.